ராய் வில்லியம்ஸ் போனது தப்பில்லை

இன்டர்னல், அசைன்மென்ட்னு ஆணி ஜாஸ்தியாகி இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு எழுத வெச்சது கேன்டீன்ல நடந்த ஒரு சண்டை.

விஷயம் இதுதான். ஒரு காலேஜ் டீமை வருஷக்கணக்கா வளர்த்த கோச், வேற காலேஜ் கூப்பிட்டுச்சுன்னு கிளம்பிப் போனா அது துரோகமா இல்லையா? என் கிளாஸ்மேட் ஒருத்தன், எங்க பாஸ்கெட்பால் டீம்ல பாயின்ட் கார்டு, "சோறு போட்ட இடத்தை விட்டுட்டுப் போறவன்லாம் மனுஷனே இல்ல மச்சி"ன்னான். கூட இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. நான் மட்டும் இல்லைன்னேன். அப்புறம் என்ன, டீ ஆறிப்போச்சு, பெல் அடிச்சுது, கார்ப்பரேட் லா கிளாஸும் போச்சு.

சண்டைக்குக் காரணம் வேற ஒண்ணும் இல்ல. நாங்க ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது எங்க பி.டி. சார் இதே ஊர்ல இன்னொரு காலேஜுக்குப் போயிட்டார். ஸோன் மேட்ச்சுக்கு மூணு வாரம் இருந்தது. அதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி காலைல பிராக்டீஸ் முடிஞ்சு டீக்கடைல நின்னப்ப, "சார், நீங்க போறீங்கன்னு சொல்றாங்களே?"ன்னு கேட்டோம். "உங்களை விட்டுட்டு நான் எங்கடா போகப்போறேன்"னார். நாங்களும் நம்பிட்டோம். ஸோன் மேட்ச்ல முதல் ரவுண்டுலயே வெளிய வந்தோம், அது தனிக் கதை. அந்தப் பாயின்ட் கார்டுக்கு அந்தக் கோபம் இன்னும் போகல. எனக்கும்தான் போகல. ஆனா எனக்குக் கோபம் அவர் போனதுல இல்ல. டீக்கடைல சொன்னதுல.

சார் மேட்டரை இங்க அலசப்போறதில்லை. கணக்கு இன்னும் முடியாத விஷயம், ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்க. இதே கேள்விக்குக் கணக்கு முடிச்சு பேலன்ஸ் ஷீட்டே போடலாம்கிற மாதிரி ஒரு கேஸ் அமெரிக்காவுல இருக்கு. 2003-ல கேன்சஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போன ராய் வில்லியம்ஸ். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மனுஷன் ரிட்டயரும் ஆயிட்டார். அவர் போயிருக்கணுமா கூடாதான்னு இப்ப நிதானமா உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த ஊர் நிலவரம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க காலேஜ் பாஸ்கெட்பால்ங்கிறது நம்ம ஊர் இன்டர்-காலேஜ் மேட்ச் மாதிரி இருபது பேர் வேடிக்கை பார்க்குற சமாசாரம் கிடையாது. மார்ச் மாசம் வந்தா நாடே வேலையை விட்டுட்டு டிவி முன்னாடி உட்காரும். தோத்தா வெளியங்கிற நாக் அவுட் போட்டி. கடைசி நாலு டீம்ல வந்தாலே அந்தக் காலேஜ்ல பேனர் தொங்கவிடுவாங்க. பசங்க நாலு வருஷத்துல படிச்சு முடிச்சுப் போயிடுவாங்க, கோச்தான் நிரந்தரம். அதனால ஊர்க்காரனுக்கு டீம்னா கோச், கோச்னா டீம்.

கேன்சஸ்னா சாதாரண இடமும் இல்ல. பாஸ்கெட்பாலைக் கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே அங்க முதல் கோச். (கூடுதல் தகவல்: அந்தக் காலேஜ் வரலாற்றுலயே ஜெயிச்சதை விடத் தோத்தது அதிகமா வெச்சிருக்கிற ஒரே கோச்சும் அவர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. கண்டுபிடிச்சவனுக்கே இந்த கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம் :-) ) நெய்ஸ்மித்கிட்ட ஆடினவர் ஃபாக் ஆலன். ஆலன்கிட்ட ஆடினவர் டீன் ஸ்மித். இந்த டீன் ஸ்மித் கேன்சஸ்காரர், ஆனா 1961-ல இருந்து 1997 வரைக்கும் வட கரோலினாவுல கோச்சா இருந்து 879 மேட்ச் ஜெயிச்சார். அவர்கிட்ட பத்து வருஷம் உதவிப் பயிற்சியாளரா இருந்தவர்தான் நம்ம ராய். பிறந்து வளர்ந்தது வட கரோலினா, படிச்சதும் அதே பல்கலைக்கழகம்.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. ராய் எப்படிக் கேன்சஸுக்கு வந்தார்? 1988-ல லாரி பிரவுன்னு ஒரு கோச் கேன்சஸுக்குத் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோட என்.பி.ஏ.வுல சான் அன்டோனியோ டீமுக்குப் போயிட்டார். பின்னாடியே விதிமீறல் தண்டனையும் வந்து 1989 போட்டியில கேன்சஸ் ஆடவே முடியாமப் போச்சு. அந்த நேரத்துல, அதுவரைக்கும் எந்தக் காலேஜுக்கும் தலைமைக் கோச்சா இருந்திராத 37 வயசு ராயைக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. அதாவது, ஒருத்தர் விட்டுட்டுப் போனதாலதான் கேன்சஸுக்கு ராயே கிடைச்சார். பதினஞ்சு வருஷம் அந்த லாபத்தை அனுபவிச்சாங்க. 418 வெற்றி, 101 தோல்வி. நாலு தடவை கடைசி நாலு. பட்டம் மட்டும் வரல.

2000-த்துல என்ன நடந்துச்சு பாருங்க. ஜூன் கடைசியில வட கரோலினா கோச் பில் கத்ரிட்ஜ் ஓய்வு அறிவிச்சார். டீன் ஸ்மித்தே ராயைக் கூப்பிட்டார். குரு கூப்பிடுறார், சொந்த ஊரு, படிச்ச காலேஜ். ஒரு வாரம் மனுஷன் தூங்கியிருக்க மாட்டார். ஜூலை 6 ராத்திரி பிரஸ் மீட். லாரன்ஸ் ஊர்ல ஃபுட்பால் ஸ்டேடியத்துல ஆயிரக்கணக்கான ஜனம் கூடி பெரிய திரையில அதைப் பார்த்துக்கிட்டு இருக்கு. இவர் வந்து உட்கார்ந்து, நான் இங்கதான் இருக்கப்போறேன்னு சொன்னார். ஸ்டேடியம் அலறிச்சு. அதோட விட்டிருந்தா பரவாயில்ல. இனிமே இந்த மாதிரி ஒரு பிரஸ் மீட்ல நீங்க என்னைப் பார்த்தா ஒண்ணு நான் ஓய்வு பெறுறேன், இல்லாட்டி சாகப்போறேன்னு அர்த்தம்கிற மாதிரி ஒரு வார்த்தையும் விட்டார்.

என் கட்சி இதுதான்: ராய் வில்லியம்ஸ் செஞ்ச தப்பு 2003-ல நடக்கல. 2000 ஜூலை 6-ஆம் தேதி, எல்லாரும் கை தட்டின அந்த ராத்திரியில நடந்துச்சு.

தங்கினது தப்புன்னு சொல்லல. தங்க முடியும்னா தங்கலாம். ஆனா வருஷா வருஷம் ஒப்பந்தம் மாறுற தொழில்ல, குருநாதர் உசிரோட இருக்கும்போது, சொந்த ஊர் டீம் தடுமாறிக்கிட்டு இருக்கும்போது, "சாகுற வரைக்கும்"னு யாராவது வாக்கு கொடுப்பாங்களா? பி.காம்ல முதல் வருஷமே கான்ட்ராக்ட் ஆக்ட் சொல்லிக் கொடுக்குறாங்க. அந்த வாக்குக்குப் பின்னாடி எதிர்ப்பொருள்னு ஒண்ணு இருந்துச்சா? நிபந்தனை இருந்துச்சா? ஒண்ணும் கிடையாது. கோர்ட்டுல நிக்காது. ஆனா அந்த வார்த்தையை நம்பி ஒரு பதினெட்டு வயசுப் பையன் நாலு வருஷத்தை எழுதிக் கொடுப்பான். அந்த வருஷங்களுக்கு பேலன்ஸ் ஷீட்ல காலமே கிடையாது.

மீதிக் கதை சீக்கிரம். ராய் வரலைன்னதும் வட கரோலினா, ராய்கிட்டயே உதவியாளரா இருந்த மேட் டோஹர்ட்டியைக் கூப்பிட்டுச்சு. அவர் நோட்ரடேம்ல தலைமைக் கோச்சா ஒரே ஒரு சீசன்தான் முடிச்சிருந்தார். முதல் வருஷம் ஓஹோன்னு போச்சு. அடுத்த வருஷம் 8 வெற்றி, 20 தோல்வி. வட கரோலினா மாதிரி ஒரு டீமுக்கு! பசங்களோட உரசல், பெற்றோர் புகார், கடைசியில 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி ராஜினாமா. ராஜினாமான்னு பேரு, நடந்தது என்னன்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஏப்ரல்லதான் கேன்சஸ் ஃபைனலுக்கு வந்திருந்துச்சு. ஏப்ரல் 7, நியூ ஆர்லியன்ஸ், எதிர்ல சைரக்யூஸ். முதல் வருஷப் பையன் கார்மெலோ ஆந்தனி அந்தப் பக்கம். கேன்சஸ் அன்னிக்கு 30 ஃப்ரீ த்ரோ போட்டு 18-ஐ விட்டுச்சு. முப்பதுக்குப் பதினெட்டு! எங்க சார் இருந்திருந்தா ராத்திரி பத்து மணி வரைக்கும் லைன்ல நிக்க வெச்சிருப்பார். 81-78, மூணே பாயின்ட்ல தோல்வி. ஆட்டம் முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் டிவிக்காரங்க மைக்கை நீட்டி வட கரோலினா வேலையைப் பத்திக் கேட்டாங்க. கண்ணுல தண்ணியோட நின்ன மனுஷன், இப்ப வட கரோலினாவைப் பத்தி எனக்கு எந்தக் கவலையும் இல்லைன்னு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து நேரலையிலயே சொல்லிட்டார். ஒரு வாரத்துல, ஏப்ரல் 14, அதே வட கரோலினாவுக்குக் கோச்.

நடுவுல ஒரு காமெடி வேற. ராயைத் தக்க வைக்கணும்னு, அவரோட ஒத்துப்போகாத விளையாட்டுத் துறை இயக்குநரைக் கேன்சஸ் ஏப்ரல் 9-ஆம் தேதியே வேலையை விட்டுத் தூக்கிடுச்சு. அவர் வீட்டு வாசல்ல நின்னு, என்னை ஒரு புறா மாதிரி கையில வெச்சிருந்தார், பறக்க விட்டிருக்கலாம், நசுக்கிட்டார்னு பேட்டி கொடுத்தார். புறாவும் போச்சு, அஞ்சு நாள் கழிச்சு கோச்சும் போயிட்டார்.

இங்கதான் கேன்டீன் கட்சிக்காரங்க எழுந்து நிப்பாங்க. "பார்த்தியா, அவருக்காக ஒருத்தன் வேலையையே காலி பண்ணினாங்க, அப்பவும் போயிட்டார், இது துரோகம் இல்லாம வேற என்ன?"

சரி, கணக்குப் போடுவோம். ப்ளஸ் டூ அக்கவுண்டன்சில கூட்டாளி விலகல்னு ஒரு பாடம் ஞாபகம் இருக்கா? ஒரு கூட்டாளி போகும்போது நிறுவனத்தோட நற்பெயருக்கு ஒரு மதிப்புப் போட்டு அவர் பங்கைக் கணக்குத் தீர்க்கணும். ஏன்னா இருந்த காலத்துல அவர் வளர்த்த பேரு, அவர் போன பின்னாடியும் மத்தவங்களுக்கு வருமானம் கொடுத்துக்கிட்டே இருக்கும். ராய் பதினஞ்சு வருஷம் வளர்த்த பேரு கேன்சஸ்லயே இருந்துச்சு. அந்தப் பேருக்காகத்தான் இலினாய்ல நல்ல நிலைமைல இருந்த பில் செல்ஃப் ஒரே வாரத்துல கேன்சஸுக்கு ஓடி வந்தார். 2008-ல பட்டம், 2022-ல இன்னொரு பட்டம். 2005-ல இருந்து 2018 வரைக்கும் அவங்க லீக்ல தொடர்ந்து 14 வருஷம் முதலிடம். ராய் பதினஞ்சு வருஷம் முயற்சி பண்ணி வாங்க முடியாததை இவர் அஞ்சு வருஷத்துல வாங்கிட்டார்.

வட கரோலினாவுக்கு ராய் 2005, 2009, 2017-னு மூணு பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதுல 2005 டீம் யாரு சேர்த்த டீம்? ஃபெல்டன், ஷான் மே, மெக்கான்ட்ஸ், எல்லாம் துரத்தப்பட்ட டோஹர்ட்டி தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்த பசங்க. சரக்கு பழைய முதலாளி வாங்கினது, லாபம் புது முதலாளி கணக்குல. பாவம் டோஹர்ட்டி.

அப்ப நஷ்டம் இலினாய்க்கா? அதுதான் இல்ல. செல்ஃப் போனதும் ப்ரூஸ் வெபர்னு ஒருத்தர் வந்தார். செல்ஃப் விட்டுட்டுப் போன டெரான் வில்லியம்ஸ், டீ பிரவுன், லூதர் ஹெட் இவங்களை வெச்சுக்கிட்டு 2005-ல ஃபைனல் வரைக்கும் போயிட்டார். ஃபைனல்ல எதிர்ல யாரு? ராயோட வட கரோலினா! 75-70-னு வட கரோலினா ஜெயிச்சுது. மூணு ஊர்லயும் கோச் மாறினாங்க, ரெண்டு வருஷத்துல அதுல ரெண்டு டீம் ஃபைனல்ல, மூணாவது டீம் அதுக்கு மூணு வருஷம் கழிச்சு சாம்பியன். துரோகம்னா யாராவது ஒருத்தன் கெட்டுப்போயிருக்கணும் இல்லையா? எந்த காலேஜ் கெட்டுப்போச்சு, காட்டுங்க.

இவ்வளவு தூரம் எழுதிட்டு நானே ஜல்லி அடிச்சுட்டுப் போயிடலாம். ஆனா ஒரு பேர் இடிக்குது. வெய்ன் சிமியன்.

சிமியன் 2001-ல கேன்சஸுக்கு வந்த பையன். அதே மாநிலத்துக்காரன். 2003 சீசன்ல வலது தோள்பட்டை கழண்டு அந்த மார்ச் மாசம் ஆட முடியாம பெஞ்ச்ல உட்கார்ந்து டீம் ஃபைனல்ல தோக்குறதைப் பார்த்தான். கோச் போறார்னு தெரிஞ்ச அன்னிக்கு, அந்த மனுஷனுக்காக என் வலது கையையே கொடுத்தேனேன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னான். அவனோட சேர்ந்து வந்த லாங்ஃபோர்ட், மைல்ஸ், லீ மூணு பேருக்கும் அதே நிலைமைதான். 2005-ல அவங்க கடைசி மேட்ச்ல, முதல் ரவுண்டுலயே, பக்னெல்னு ஒரு சின்ன காலேஜ்கிட்ட 64-63-னு ஒத்தைப் பாயின்ட்ல தோத்தாங்க. ராய் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களா? தெரியாது. அது இல்ல விஷயம். 2008-ல கேன்சஸ் வாங்கின கோப்பையில இவங்க நாலு பேருக்கும் பங்கு கிடையாது. மூணு காலேஜ் பேலன்ஸ் ஷீட்டும் டேலி ஆகுது, இவங்களுக்கு லெட்ஜரே கிடையாது.

அவங்க சேர்ந்தது 2001. ராய் "சாகுற வரைக்கும்"னு சொன்னது 2000. இப்ப புரியுதா நான் எதுக்கு அந்த ஜூலை 6-ஐப் பிடிச்சுத் தொங்குறேன்னு? அந்த ராத்திரி அவர், "இப்போதைக்கு இருக்கேன், நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியாது, என்னை மட்டும் நம்பி வராதீங்க, காலேஜைப் பார்த்து வாங்க"ன்னு சொல்லியிருந்தா ஸ்டேடியத்துல அவ்வளவு கைதட்டல் வந்திருக்காது. ஆனா சிமியன் கண்ணைத் திறந்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருப்பான்.

கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது. அந்தக் காலத்துல பசங்க சேரும்போது ஒரு ஒப்பந்தக் கடிதத்துல கையெழுத்து வாங்குவாங்க. அதுல தெளிவாவே போட்டிருக்கும்: நீ சேருறது காலேஜ்ல, கோச்கிட்ட இல்ல, கோச் போனாலும் இது உன்னைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்கு வந்து அம்மா கையால சாப்பிட்டு, உங்க பையனை நான் பார்த்துக்குறேன்னு சொல்றது கோச். கையெழுத்து மட்டும் காலேஜுக்கு. அந்தப் பையன் வேற காலேஜுக்கு மாறணும்னா ஒரு வருஷம் ஆடாம உட்காரணும். கோச்சோ ஏப்ரல் 7 ஒரு டீமுக்கு, ஏப்ரல் 14 இன்னொரு டீமுக்கு. இந்த அநியாயத்தைப் பத்திப் பேசாம "விசுவாசம், விசுவாசம்"னு கூவுறவங்களை என்னன்னு சொல்றது?

இப்ப நிலைமை மாறிடுச்சு. 2021-ல ஒரு தடவை உட்காராம மாறலாம்னு விதி வந்துச்சு, 2024-ல படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணா மாறலாம்னு ஆச்சு. அந்த ஒப்பந்தக் கடிதத்தையே 2024 அக்டோபர்ல தூக்கிட்டாங்க. 2025-ல இருந்து காலேஜே பசங்களுக்கு நேரடியா பங்குப் பணம் கொடுக்கலாம். உடனே என்ன புலம்பல் தெரியுமா? பசங்களுக்கு விசுவாசமே இல்ல, ஆட்டமே கெட்டுப்போச்சு! முப்பது வருஷமா இதே காரியத்தை கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கோச்சுங்க செஞ்சப்ப அது "அடுத்த கட்ட வளர்ச்சி". பத்தொம்பது வயசுப் பையன் செஞ்சா கலிகாலம். நல்லா இருக்குங்க நியாயம்.

காலேஜுங்க மட்டும் என்ன ஒழுங்கா? டோஹர்ட்டியை மூணே வருஷத்துல அனுப்பினாங்க. கெண்டக்கில ஜான் கலிபாரி கதையைப் பாருங்க. 2012-ல பட்டம் வாங்கிக் கொடுத்தார், 2019-ல "ஆயுள் ஒப்பந்தம்"னு பேர் வெச்சே ஒண்ணு போட்டாங்க. 2024 மார்ச்ல ஓக்லண்ட்னு பேர் தெரியாத காலேஜ்கிட்ட முதல் ரவுண்டுல தோத்ததும் ஊரே வெளிய போங்குது. வேலையை விட்டுத் தூக்கணும்னா ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்கணும். அந்தத் தொகையைப் பார்த்துட்டுத் தூக்கல. அடுத்த மாசம் அவரே ஆர்க்கன்சாவுக்குக் கிளம்பிட்டார். கெண்டக்கிக்கு அத்தனை பணமும் மிச்சம். ஆயுள் ஒப்பந்தத்தோட ஆயுள் அஞ்சு வருஷம்! 2025-ல ரெண்டு டீமும் கடைசி பதினாறு வரைக்கும் வந்துச்சு, அது வேற விஷயம். ஆயுள்ங்கிற வார்த்தையை அதுல எழுதினது யாருன்னுதான் எனக்குக் கடுப்பு.

அதுக்காக, பெரிய இடம் கூப்பிட்டா எல்லாரும் ஓடுங்கன்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. ஷாக்கா ஸ்மார்ட்னு ஒருத்தர். 2011-ல வர்ஜீனியா காமன்வெல்த்னு அதிகம் பேர் கேள்விப்படாத காலேஜைக் கடைசி நாலுக்குக் கொண்டுவந்தவர். 2015-ல டெக்சாஸுக்குப் போனார். பணம் கொட்டிக் கிடக்குற காலேஜ். ஆறு வருஷத்துல மார்ச் போட்டியில ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. டெக்சாஸ்ல அந்தக் காசுக்கும் கட்டடத்துக்கும் குறைச்சல் கிடையாது, அவரோட ஆட்டம் மட்டும் அங்க எடுபடல. இந்தப் பக்கம் மார்க் ஃப்யூ. கன்ஸாகாங்கிற சின்னக் காலேஜ்ல 1999-ல தலைமைக் கோச் ஆனவர், எத்தனை பேர் கூப்பிட்டும் நகரல. 2017-லயும் 2021-லயும் ஃபைனல். (2017-ல அவரைத் தோற்கடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம ராய்தான்.) பில் செல்ஃபும் அப்படித்தான். 2008-ல பட்டம் வாங்கின உடனே அவர் படிச்ச ஓக்லஹாமா ஸ்டேட் கூப்பிட்டுச்சு. கிட்டத்தட்ட ராயோட நிலைமை. அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுக்கிட்டு அங்கயே இருந்துட்டார்.

அப்ப எதை வெச்சு முடிவு பண்றது? சம்பளத்தை வெச்சு மட்டும் பண்ணினா ஸ்மார்ட் கதை. அங்க போய் என்ன செய்யப்போறோம், அதை இங்க செய்ய முடியாதான்னு பார்க்கணும். ராய்க்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருந்துச்சு. குருநாதர் கட்டின வீடு இடிஞ்சுக்கிட்டு இருக்கு, அதைத் தூக்கி நிறுத்த வேற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு முடியாது. போன நேரமும் சரி, சீசன் முடிஞ்ச பிறகுதான் போனார். எங்க சார் மாதிரி மேட்ச்சுக்கு மூணு வாரம் முன்னாடி இல்ல. பதினஞ்சு வருஷம் ஒரு இடத்துல உழைச்சவனுக்கு அதுக்கு மேலயும் நீ எங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்னு சொல்றது கொத்தடிமை முறை. நம்ம அப்பாங்க கம்பெனி மாறினப்ப யாராவது துரோகின்னு சொன்னோமா? நாளைக்கு கேம்பஸ்ல செலக்ட் ஆகி ஒரு வருஷத்துல நாமளே தாவப்போறோம், அப்ப மட்டும் அது "பெட்டர் ஆஃபர்". பாயின்ட் கார்டு, இது உனக்குத்தான் :-)

கேன்சஸ்காரங்களும் கடைசியில சமாதானம் ஆனாங்க, ஆனா லேசுல இல்ல. 2008 கடைசி நாலுல, சான் அன்டோனியோவுல, ராயோட வட கரோலினாவும் அவர் விட்டுட்டு வந்த கேன்சஸும் நேருக்கு நேர். ஒரு கட்டத்துல ஸ்கோர் 40-12. கேன்சஸ் பக்கம்! கடைசியில 84-66. அடி வாங்கினவர் ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல் பார்க்க அதே ஸ்டேடியத்துக்கு வந்தார், சட்டையில கேன்சஸோட ஜேஹாக் ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு. தேதி ஏப்ரல் 7. சரியா அஞ்சு வருஷம் முன்னாடி அதே தேதியிலதான் அந்த 18 ஃப்ரீ த்ரோ. வட கரோலினா ரசிகர்கள் அந்த ஸ்டிக்கருக்காக அவரைத் திட்டித் தீர்த்தாங்க. அப்புறம் 2012, 2013-னு ரெண்டு தடவை போட்டியில கேன்சஸோட மோதினார். மொத்தம் மூணு மேட்ச், மூணுலயும் தோல்வி. பழைய காலேஜோட சாபம்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும்.

2021 ஏப்ரல் 1-ஆம் தேதி ஓய்வு பெற்றார், 903 வெற்றியோட. சொன்ன மாதிரியே ஓய்வுக்குன்னு பிரஸ் மீட் வெச்சார், ஆனா கேன்சஸ்ல இல்ல.

எங்க சாரை இந்த வருஷம் ஸோன் மேட்ச்ல பார்த்தேன். எதிர் பெஞ்ச்ல இருந்தார். வார்ம்-அப் முடிஞ்சு தண்ணி குடிக்க வந்தப்ப கூப்பிட்டார். "முழங்கை இன்னும் வெளியதான் போகுது, உள்ள வெச்சுப் போடு"ன்னார். எதிர் டீம் பையனுக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுப்பாங்களா? சரிங்க சார்னேன். அன்னிக்கு ஏன் சார் டீக்கடைல அப்படிச் சொன்னீங்கன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள ரெஃபரி விசில் அடிச்சுட்டார். பாயின்ட் கார்டு அந்தப் பக்கமே திரும்பல.

அன்னிக்கு எனக்கு ஆறு ஃப்ரீ த்ரோ கிடைச்சுது, அஞ்சு உள்ள போச்சு.